மைக்குக்குச் சொன்ன பலகாரம்

விளம்பரங்களுக்குத் தமிழ்க் குரல் கொடுக்க, தில்லி ஆர்.கே.புரத்திலிருந்து கரோல்பாக் ஸ்டூடியோவுக்குப் பஸ்ஸில் போய்வந்த வத்சலாவைப் பாதி ஒப்பந்தத்திலேயே நிறுத்திவிட்டார்கள். வந்த நாள்களுக்காவது சம்பளம் கொடுங்கள் என்றதற்கு, வந்ததற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டார் மேனேஜர் கன்னா.

வத்சலா அசரவில்லை. மைக்கைச் சோதிக்க, தினமும் காலையில் சாப்பிட்டதைச் சொல்லித்தான் அவள் பதிவைத் தொடங்குவாள். அதை அவரிடம் விளக்கி, டேப்பைப் போடச் சொன்னாள்.

"இன்னிக்கு அரிசி உப்புமா, கொத்சு."

"இன்னிக்கு சேவை."

சுழலும் நாடாவிலிருந்து காலைகள் ஒவ்வொன்றாக ஆவி பறக்க எழுந்துவந்தன. கண்ணை மூடி அந்த மணத்தில் மிதந்தாள். தமிழ் தெரியாத கன்னா நாளுக்கொரு விரலாக மடக்கிக்கொண்டே வந்தார்.

"இன்னிக்கு ஒண்ணுமில்லே. கெரசின் தீர்ந்துபோச்சு."

"அச்சா! இது என்ன பலகாரம்?" என்றார் கன்னா, நாக்கில் நீர் ஊற.

கண்ணைத் திறக்காமலே வத்சலா சொன்னாள்: "மசால் தோசை, ஜி."