கேக்கற மொட்டை, கெடச்ச மொட்டை

திருத்தணி மலையில் எனக்கு மொட்டை போட்டவருக்கு ஒல்லியான உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி. வரிசையில் எனக்கு முன்னால் இருந்தவர்களையெல்லாம் தலையை நனைத்துக்கொண்டே கேட்டார்: "கேக்கற மொட்டையா, கெடச்ச மொட்டையா?" வேண்டிக்கொள்ள வந்தவர், வேண்டியது நடந்து வந்தவர். அவருக்கு உலகத்தில் இந்த இரண்டு வகைதான்.

என்னிடமும் கேட்டார்.

"பொண்டாட்டி பொழச்சா மொட்டைன்னு வேண்டிகினேங்க. போன வருஷம் போயிட்டா."

"அப்புறம் எதுக்குங்க வந்தீங்க?"

"சாமிகிட்ட சொல்லிட்டேனே."

அவர் கத்தியை எடுத்தார். ஒரு கையால் என் நெற்றியைத் தாங்கிக்கொண்டு, பச்சைக் குழந்தைக்குச் செய்வதுபோல மெதுவாகச் சிரைத்தார்.

நான் எழுந்து சந்தனம் பூசிக்கொண்டபோது அடுத்தவர் வந்து உட்கார்ந்தார். எனக்குச் சிரைத்தவர் அவரிடம் என்ன மொட்டை என்று கேட்கவில்லை. தலையை மட்டும் நனைத்தார்.