மச்சான் பேரில் போட்ட கையெழுத்து

எதையும் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்க்காமல் அவன் வாங்க மாட்டான். மருந்துக் கடையில் மாத்திரைப் புட்டியை நீட்டினால், விலை கேட்பதற்கு முன்னால் இரண்டு குலுக்கு. தீப்பெட்டி, கடலைப் பொட்டலம், ஆணி டப்பா எல்லாவற்றுக்கும் அதே சோதனைதான். சத்தம் பிடிக்கவில்லையென்றால், "இதுல உயிரில்லே, வேற குடுங்க" என்பான். "மாத்திரைக்கு எதுக்குங்க உயிரு, சாப்பிடறவங்களுக்கு இருந்தா போதாதா?" என்று மருந்துக் கடைக்காரர் ஒருவர் கேட்டே விட்டார். அப்போது இவன் சிரிக்கவில்லை. காசைக் கொடுத்து, மீதியை வாங்கி, தெருவில் இறங்கி நாலு வீடு தாண்டிய பிறகு சிரித்தான். அவனுக்கு எல்லாமே கொஞ்சம் பிந்தித்தான் வரும்.

என் சித்தப்பாவுக்கு அவன் நான்காவது. நான் அவனுக்கு அக்கா முறை. மூத்தவள் பெண். அடுத்தவன் கப்பல் வேலைக்குப் போய் அந்தப் பக்கமே தங்கிவிட்டான். மூன்றாவது நாற்பது நாள் குழந்தையாகவே போய்விட்டது. இவன் கடைசி. குறித்த நாள் தாண்டிப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் பிறந்தான். "உள்ளேயே குடித்தனம் பண்ணிடுவான்னு நெனச்சேன்" என்று சித்தி சொல்லுவாள். பல் முளைத்ததும் பிந்தி, பேசினதும் பிந்தி. கை மட்டும் முந்திக்கொண்டது. தொட்டிலில் கிலுகிலுப்பையைப் பிடுங்கினால் தெருவையே கூட்டுவான். அன்றைக்கு ஒட்டிய 'கிலுக்கு' என்ற பெயர் அறுபத்து மூன்று வயதிலும் உதிரவில்லை.

தொழிலும் அதுவாகவே அமைந்தது. பாட்டுப் பதிவு செய்கிற இடத்தில் பெரிய வாத்தியக்காரர்கள் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். மூலையில் ஒருவர் நின்றபடியே டாம்பரினைத் தட்டுவார், ஷேக்கரைக் குலுக்குவார், முக்கோணக் கம்பியில் ஒரே ஒரு தட்டுத் தட்டிவிட்டு அரைமணி நேரம் சும்மா நிற்பார். சைடு ரிதம் என்பார்கள். அந்த மூலையில் முப்பத்தைந்து வருஷம் நின்றவன் இவன்.

அவன் பையைத் திறந்தால் பழைய சாமான் கடைதான். சாவிக்கொத்து, உப்புத்தாள் ஒட்டின மரக்கட்டை இரண்டு, கண்ணாடிக் கோலி போட்ட தகர டப்பா, சமையல் கரண்டி மூன்று. "என் கரண்டியெல்லாம் உங்க பையிலதான் குடும்பம் நடத்துது" என்று அவன் மனைவி சொல்லுவாள். இவன் அவற்றைச் சாமான் என்று சொல்ல மாட்டான், ஆளுங்க என்பான். "இந்த ஆளு மழை நாள்ல மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாரு" என்று ஒரு டப்பாவைக் காட்டிச் சொல்லும்போது, முன்னால் இருப்பவர்கள் அந்த டப்பாவிடம் நலம் விசாரிக்கலாமா என்று யோசிப்பார்கள்.

அவனை இந்தத் தொழிலுக்குக் கூட்டிப் போனவர் அவனுடைய அக்கா வீட்டுக்காரர். குடும்பம் முழுவதும் அவரை மச்சான் என்றே சொல்லிச் சொல்லி, அதுவே அவர் பெயராகிவிட்டது. அவரும் சைடு ரிதம்தான். ஆனால் இவனுக்கு நேர் எதிர். ஒன்பது மணிப் பதிவுக்கு எட்டே காலுக்குப் போய் நிற்பார். அவர் தாளம் போட்டால் சுவர்க் கடிகாரத்தைத் திருத்தி வைக்கலாம். இவன் ஒன்பதுக்கு மூச்சிரைக்க நுழைவான். "மாப்ளே, உன் கல்யாணத்துக்கே நீ நேரத்துக்கு வரலே. உங்க அக்காவை மணவறைப் பக்கத்துல நிக்கவச்சுச் சமாளிச்சோம்" என்று அவர் குத்துவார். இவன் மறுநாள் போன் போட்டு அதற்குப் பதில் சொல்லுவான்.

அந்தக் காலத்தில் அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பதிவுக்கு யார் யார் வாசிக்கிறார்கள் என்று பாட்டுக் கம்பெனி ஆள் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்திருப்பார். எழுதியிருக்கிற ஆளுக்கு அதே நேரத்தில் வேறு பதிவு வந்துவிட்டால், தனக்குப் பதில் இன்னொருவரை அனுப்புவார். போனவர் வாசித்துவிட்டு, தாளில் என்ன பெயர் இருக்கிறதோ அந்தப் பெயரிலேயே கையெழுத்துப் போட்டுச் சம்பளத்தை வாங்கிக்கொள்வார். பெயரை அடித்து மாற்றி எழுதச் சொன்னால் பணம் கொடுக்கிறவர் எரிந்து விழுவார். அதனால் வயலின்காரர் முதல் கோரஸ் பாடுகிற பெண்கள் வரை எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. நாள் சம்பளத்தோடு அந்தப் பாட்டுக்கும் தங்களுக்கும் உள்ள உறவு முடிந்தது என்று நினைத்திருந்தார்கள்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், மச்சானுக்குப் பதில் இவன் போனான். இசையமைப்பாளர் கேட்டது, காய்ந்த மணலில் யாரோ வெறுங்காலோடு நடந்து வருகிற மாதிரி ஒரு சத்தம். பையிலிருந்த ஆளுங்க ஒருவரும் ஒத்துவரவில்லை. கோரஸ் பாட வந்த ஒரு பெண்ணிடம் முகப்பவுடர் டப்பாவைக் கேட்டு வாங்கினான். உள்ளே பவுடர் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கேன்டீனுக்கு ஓடிப்போய் ஒரு பிடி மிளகு வாங்கி அதில் போட்டுக் குலுக்கினான். 'புஸ்ஸ்' என்று நடந்தது மணல். கூடவே தூளும் பறந்தது. புல்லாங்குழல்காரர் மூன்று தடவை தும்மி மூன்று டேக்கைக் கெடுத்தார். நான்காவதில் அவரைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு எடுத்தார்கள். பாட்டின் முதல் பத்து நொடிக்கு வேறு வாத்தியமே கிடையாது, இந்த மிளகு டப்பாதான். மச்சான் பெயரில் கையெழுத்துப் போட்டான், சம்பளம் வாங்கினான். மீதி மிளகைத் தாளில் மடித்து வீட்டுக்குக் கொண்டு வந்தான்.

அந்தப் பாட்டு ஓடு ஓடென்று ஓடியது. தாளில் மச்சான் பெயர் இருந்ததால், அவரை எல்லாரும் அந்தப் பாட்டுக்காரர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதல் தடவை அவர் மறுத்தார். இரண்டாவது தடவை சிரித்து மழுப்பினார். அப்புறம் அதுவும் இல்லை. இவனோ, "அது நான்தான்" என்று சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து முடிப்பதற்குள் ஐந்தாறு வருஷம் ஓடிவிட்டது. அதற்குப் பிறகு சொன்னால் அக்கா வீட்டு மானம் போகும்.

கேசட் போயிற்று, சீடியும் போயிற்று. இப்போது பாட்டை எல்லாரும் போனில் இறக்கிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு இறக்கத்துக்கும் கம்பெனிக்கு ஏதோ கிடைக்கிறது. வாசித்தவர்களுக்கு ஒன்றுமில்லை. இதற்காக வாத்தியக்காரர்கள் சங்கம் ஆறு வருஷம் மல்லுக்கு நின்றது. 'அன்றைக்கே சம்பளம் கொடுத்தாயிற்று' என்பதுதான் கம்பெனியின் ஒரே பதிலாக இருந்தது. அந்த ஆறு வருஷமும் கிலுக்கு சொந்தக்காரப் பிள்ளைகளைப் படாத பாடு படுத்தினான். யார் போனில் பாட்டுக் கேட்டாலும் பக்கத்தில் போய், "காசு குடுத்து எறக்கினியா, சும்மா எறக்கினியா?" என்பான். சும்மாதான் என்றால், "நான் சும்மாவாடா குலுக்கினேன்?" என்று மணிக்கட்டை நீட்டிக் காட்டுவான். அவன் தலையைக் கண்டாலே பிள்ளைகள் போனைச் சட்டைக்குள் போட்டுக்கொள்ளும்.

கடைசியில் கம்பெனி இறங்கி வந்தது. பழைய தாள்களில் யார் பெயர் இருக்கிறதோ அவர்களுக்கு ஒரு பங்கு, பாட்டோடு அவர்கள் பெயரையும் போடுவது என்று முடிவாயிற்று. சங்கத்திலிருந்து ஒவ்வொருவருக்கும் அவரவர் பாட்டுப் பட்டியல் தபாலில் வந்தது. இவன் பட்டியலில் முப்பத்தொரு பாட்டு. அந்தப் பாட்டு இல்லை. அது மச்சான் பட்டியலில் முதலாவதாக இருந்தது. தாளின் அடியில், திருத்தம் இருந்தால் இருபதாம் தேதிக்குள் நேரில் வரவேண்டும் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், பொய்க் கையெழுத்து என்று தெரிந்தால் போட்டவர் சங்கத்திலிருந்து நீக்கப்படுவார் என்று இன்னொரு வரி.

அந்த வரியில்தான் அவன் இடிந்துபோனான். அவன் மனைவிக்கு மூச்சிரைப்பு. மாதாமாதம் அவளுடைய மருந்துக்குச் சங்கம்தான் பாதி கொடுக்கிறது. வாயைத் திறந்தால் மருந்து போகும். மச்சானையும் சேர்த்து நீக்கினால் அக்கா வீட்டு உறவும் போகும். திறக்காவிட்டால் தன் கையால் செய்ததிலேயே பேர் சொல்லும்படியான ஒன்று, அச்சிலேயே இன்னொருவருடையதாகிவிடும். மூன்று வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. மச்சானும் அவனும் போனில் மழையைப் பற்றியும் மின்சாரக் கட்டணத்தைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள்.

பதினெட்டாம் தேதி அவன் மனைவி என்னைக் கூப்பிட்டாள். "அண்ணி, நீங்க ரெண்டு பேரையும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க. இவங்களை விட்டா இருபத்தொண்ணாம் தேதிதான் கிளம்புவாங்க." நான் கிலுக்கைக் கூட்டிக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனேன். அவர் சட்டை மாட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். எங்கே போகிறோம் என்றுகூடக் கேட்கவில்லை. அவர் எதற்குத் தயாரானார் என்பது எனக்கும் தெரியவில்லை. இருபத்தாறு வருஷம் அனுபவித்த பெயரை மனிதன் லேசில் விடுவானா? பஸ்ஸில் மூன்று பேரும் மூன்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனோம்.

சங்கம் மூன்றாவது மாடியில் இருந்தது. ஒரு மேசையில் செயலாளர் அம்மா, ஒரு காலத்தில் கோரஸ் பாடியவர். பக்கத்து மேசையில் கம்பெனி சார்பில் ஒரு அதிகாரி, முன்னால் கணினி. செயலாளர் அம்மா பட்டியலை விரித்து, எல்லாம் சரிதானே என்று மச்சானைக் கேட்டார். மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"மொதப் பாட்டு என்னோடது இல்லேம்மா."

"உங்க பேர்ல கையெழுத்து இருக்கே?"

"பேருதான் என்னுது. கை இவனுது."

கிலுக்கு எழுந்து நின்றுவிட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிந்தாமல் பேசினான். "நான்தாம்மா போட்டேன். எது செய்யறதானாலும் எனக்குச் செய்யுங்க. மச்சானை விட்டுடுங்க."

செயலாளர் அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து முன்னால் போட்டார். "உக்காருங்கண்ணே. காலையிலேருந்து நீங்க பதினேழாவது ஆளு. நானே ஒரு மழைக்காலம் பூரா எங்க அக்கா பேர்ல பாடிச் சம்பளம் வாங்கியிருக்கேன். அன்னைக்குப் போட்டதுக்கு யாரையும் நீக்கணும்னா, சங்கத்துல இந்த மேசையும் நாற்காலியும்தான் மிஞ்சும்." அந்தக் கொட்டை எழுத்து, இன்றைக்கு வந்து பொய் சொல்பவர்களுக்காம். பழைய மாற்றுக் கையெழுத்துக்குத் தனித் தாளே அச்சடித்து வைத்திருந்தார்கள். இரண்டு பேரும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் போதும். கிலுக்கு உட்கார்ந்தான். உட்கார்ந்தான் என்பதைவிட, நாற்காலியில் வடிந்தான் என்று சொல்ல வேண்டும்.

கம்பெனி அதிகாரிக்கு மட்டும் மனம் ஆறவில்லை. சொந்தக்காரர்கள் நாளைக்கு மனம் மாறினால் தன் தலை உருளும், இவர்தான் வாசித்தார் என்பதற்கு ஏதாவது வேண்டும் என்றார். மச்சான் அந்தப் பாட்டின் ஆரம்பத்தைப் போடச் சொன்னார். பத்து நொடி மணல் நடந்தது. மச்சான் மேசையிலிருந்த குண்டூசி டப்பாவை எடுத்து அதே தாளத்தைக் குலுக்கினார். பிசிறில்லை, இம்மி பிசகவில்லை. ஆனால் அது கடிகாரம். பிறகு டப்பாவை இவன் கையில் வைத்தார். இவன் குலுக்கினான். ஒவ்வொரு நாலாவது குலுக்கும் ஒரு மயிரிழை பிந்தி விழுந்தது. காலை மணலிலிருந்து உருவி எடுத்து வைக்கிற அந்த இழுப்பு. அதிகாரியின் தலை தானாக ஆடியது.

மச்சான் அவரைப் பார்க்கவில்லை. இவனைப் பார்த்துத்தான் சொன்னார்.

"மறுவாரமே இசையமைப்பாளர் என்னைக் கூப்பிட்டு, அன்னைக்கு வாசிச்ச மாதிரி வாசிய்யான்னாரு. வாசிச்சேன். இல்லேன்னாரு. இருபத்தாறு வருஷமா வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டு முயற்சி பண்றேன் மாப்ளே. எனக்கு வரலேடா."

செயலாளர் அம்மா தாளை நகர்த்தி வைத்தார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். இவன் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுதினான். பாட்டோடு அவன் பெயர் அடுத்த மாதத்திலிருந்து வரும் என்றார்கள். மருந்துப் பணத்துக்கு ஒரு குறையும் இல்லை என்றும் செயலாளர் அம்மா, நான் கேட்காமலே, என்னிடம் சொன்னார். படியில் இறங்கும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் கிலுக்கு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். மேசையும் நாற்காலியும் மிஞ்சும் என்றது அப்போதுதான் அவனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மச்சானுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. மூன்று வாரப் பட்டினியும் வயிற்றில் விழித்துக்கொண்டது போல, கீழே இருந்த கடையில் இவன் நாலு பன் தின்றான்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது மச்சானின் போன் அடித்தது. என்ன ஆயிற்றென்று கேட்க இவன் அக்காதான் கூப்பிட்டிருந்தாள். போன் அடித்த சத்தம் அந்தப் பாட்டின் ஆரம்பம், அந்தப் பத்து நொடி மணல். மச்சான் முகம் செத்துவிட்டது. அவசர அவசரமாகப் பேசி வைத்துவிட்டு, போனை இவனிடம் நீட்டினார். "இதை மாத்தி வேற எதையாவது போட்டுக் குடு மாப்ளே. எனக்கு இதெல்லாம் பண்ணத் தெரியாது."

கிலுக்கு போனை வாங்கினான். ஒரு பொத்தானையும் அமுக்கவில்லை. கண்ணாடியில் இருந்த விரல் ரேகையைத் தன் சட்டை நுனியால் துடைத்தான். மச்சானின் சட்டைப் பையில் அதைப் பத்திரமாக இறக்கிவைத்து, பையின் மூடியை மடித்து, பித்தானையும் மாட்டிவிட்டான்.