பைக்குள் ஒளிந்தவன்

ஒரு பிளாஸ்டிக் பைக்குப் பின்னால் ஒளிந்து திரிந்த முட்டாள் நான். எண்பத்தெட்டுக் கிலோ உடம்பு அதற்குப் பின்னால் எவ்வளவு மறையும் என்றுகூட யோசிக்கவில்லை.

சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிங்களவர் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம், அரிசியும் மரக்கறியும் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தந்த மனிதர். நான் அவரிடம் சாமான் வாங்குவது கோயிலில் ஓர் அண்ணைக்குத் தெரிந்துவிட்டது.

"எங்கட ஆக்களின்ர கடை இருக்க, உமக்கு அவன்ர கறிவேப்பிலைதான் மணக்குதோ?" என்று அன்னதானப் பந்தியில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

நான் சண்டைக்கும் போகவில்லை, அந்தக் கடையையும் விடவில்லை. தமிழ்க் கடையின் பெயர் போட்ட பையோடு சிங்களவரிடம் போகத் தொடங்கினேன். அவர் பையைப் பார்ப்பார். ஒன்றும் கேட்காமல் சாமானை அதற்குள் அடுக்கித் தருவார்.

போன கிழமை அண்ணையோடு ட்ராமில் போகும்போது அந்தக் கடைக்காரரும் ஏறினார். என்னைக் கண்டதும் சிரித்து, தனக்குத் தெரிந்த தமிழில், "மிஸிஸுக்கு இப்ப சுகமா?" என்றார். நானோ, தினமும் பார்க்கிற ஆற்றை அன்றுதான் கண்ட உல்லாசப் பயணியைப் போல யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"ஆரது?" என்றார் அண்ணை.

"தெரியாது" என்றேன்.

மறுநாள் கடைக்குப் போய்ப் பையை நீட்டினேன். "நேற்று ட்ராமில நீங்கள் கதைச்சது எனக்குக் கேக்கேல்லை."

"நீங்க சொன்னது எனக்குக் கேட்டது."