கமலைக்கு அச்சு விற்ற இன்ஜின் ஏஜெண்டு

தேனி கடைவீதியில் எனக்கு ஒரு இரும்புச் சாமான் கடை இருந்தது. ஆணி, கீல், தாழ்ப்பாள், வாளி, வடக்கயிறு எல்லாம் கிடைக்கும். இரண்டாவது யுத்தம் ஆரம்பிப்பதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி, கிணற்றில் தண்ணீர் இறைக்கிற ஆயில் இன்ஜினுக்கும் ஏஜெண்டு ஆனேன். என் திறமைக்காகக் கொடுத்தார்கள் என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில், மதுரைக் கம்பெனிக்காரர் ரயிலைவிட்டு இறங்கிக் கடைவீதிக்கு வந்த நேரம், எதிர்க்கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார்.

ஒரு நிபந்தனை. பங்குனி முடிவதற்குள் ஒரு இன்ஜினாவது விற்க வேண்டும். இல்லையென்றால் கடையில் வைத்துவிட்டுப் போகிற இன்ஜினைத் தூக்கி எதிர்க்கடையில் இறக்கிவிடுவார். நானோ அதற்குள் போர்டு எழுதி மாட்டிவிட்டேன். மாமனாருக்குக் கடிதமும் போட்டாயிற்று. கடை நஷ்டப்பட்டால் ஊர் பரிதாபப்படும். ஏஜென்சி எதிர்க்கடைக்குப் போனால் சிரிக்கும். பரிதாபத்தைத் தாங்கிக்கொள்கிற உடம்பு எனக்கு உண்டு. சிரிப்பைத் தாங்காது.

வியாபாரம் தெரியாதவன் செய்வதையே நானும் செய்தேன். மதுரை ஸ்டேஷனில் ஒரு இங்கிலீஷ் புத்தகம் வாங்கினேன். எதை வேண்டுமானாலும் எவனுக்கு வேண்டுமானாலும் விற்பது எப்படி என்று அதில் விளக்கமாகப் போட்டிருந்தது. வாங்குகிறவனை அடிக்கடி பெயர் சொல்லிக் கூப்பிடு. கண்ணுக்குள் பார். வாங்காவிட்டால் அவனுக்கு வரப்போகிற நஷ்டத்தைப் படம்போல எடுத்துச் சொல். இந்த மூன்றையும் மனப்பாடம் செய்துகொண்டு, பழனிசெட்டிபட்டியைத் தாண்டி ஏழெட்டு மைல் சைக்கிள் மிதித்து ஒரு தோட்டத்துக்குப் போனேன். நல்ல கிணறு, நல்ல வாழை. புருஷன் பெண்சாதி இரண்டே பேர். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வாயைத் திறக்காத மனுஷர். அந்த அம்மாள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுகிறவர்.

நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரு தடவை அல்ல, நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் கண்ணுக்குள் பார்த்தேன். அவர் மெதுவாகப் பின்னால் நகர்ந்து கிணற்று மேட்டுக்கே போய்விட்டார்.

"யாருய்யா நீ?" என்றது அந்த அம்மாள். "அவுகளப் பெத்த மாமாகூட ஒரு நாளைக்கு இம்புட்டுத் தடவ பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. கண்ணுல என்னத்தத் தேடுற? தூசியா விழுந்திருக்கு?"

தேனியில் இன்ஜின் விற்கிற கடைக்காரன் என்று சொன்னேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மூன்றாவது விதி பாக்கி இருந்தது. கிணற்றிலிருந்து தண்ணீர் இழுக்கிற கமலையில் பூட்டியிருந்த மாடுகளைக் காட்டி, "நாளைக்கே இந்த மாடு ரெண்டும் செத்துப்போச்சுன்னு வச்சுக்கங்க..." என்று ஆரம்பித்தேன்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் அது. கொம்பில் பூசிய வர்ணம் காயவில்லை. கழுத்து மாலைகூட வாடவில்லை.

"ஏலே! நல்ல நாளும் அதுவுமா என் வீட்டுல வந்து என் மாட்டச் சாகச் சொல்றியா?" என்று அந்த அம்மாள் கேட்டது எனக்குச் சைக்கிளில் ஏறிய பிறகுதான் முழுதாகக் காதில் விழுந்தது.

மாசி பிறந்தது. இன்ஜின் கடையின் நடுவில் சாக்குப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கடையில் வேலையில்லாமல் இருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். எதிர்க்கடைக்காரர் தினம் காலையில் வந்து அதன் உடல்நலம் விசாரித்துவிட்டுப் போவார்.

ஒரு சந்தை நாளில் அந்த அம்மாள் கடை வாசலில் நின்றது. நான் கல்லாவுக்குக் கீழே எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"ஒளியாதய்யா. கமல உருளைக்கு அச்சு இருக்கா?"

இருந்தது, நாலு அளவில். எந்த அளவு என்று அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. வழக்கமாக ஒன்றைக் கொடுத்து, சேராவிட்டால் கொண்டுவாங்க என்று சொல்லி அனுப்புவோம். ஆனால் தப்பான அச்சோடு அந்த அம்மாள் திரும்பி வருகிற காட்சியை நினைத்துப் பார்த்தேன். "நானே வந்து அளந்து மாட்டிர்றேன்க்கா" என்றேன். பயம்தான் காரணம். பிற்பாடு ஊரில் அதற்குப் பெருந்தன்மை என்று பெயர் வைத்தார்கள். நானும் மறுக்கவில்லை.

போனேன், அளந்தேன், மறுநாள் அச்சைக் கொண்டுபோய் மாட்டினேன். உருளை கத்திற்று. நான் அளந்ததில் கோளாறு. மூன்றாம் நாள் வேறு அச்சு. அந்த அம்மாள் கம்பங்கூழ் கொடுத்தது. அதற்கப்புறம் அந்தப் பக்கம் போனால் இறங்காமல் வருவதில்லை. உருளைக்கு எண்ணெய் விடுவேன், வடத்தில் பிரிந்த இழையைப் பார்ப்பேன், கூழ் குடிப்பேன். இன்ஜின் என்கிற வார்த்தை என் வாயில் வரவில்லை. வந்தால் கூழ் நின்றுவிடும். இன்ஜினை விற்க வேண்டிய ஏஜெண்டு கமலையைச் சொகுசாக ஓடவிட்டுக்கொண்டிருக்கிறானே என்று என் வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

பங்குனி முக்கால்வாசி ஆயிற்று. ஒரு வாரத்தில் வந்து இன்ஜினை எடுத்துக்கொள்வதாகக் கம்பெனிக்காரரிடமிருந்து கார்டு வந்தது. அன்றைக்குத் தோட்டத்தில் கமலை ஓடவில்லை. இடது பக்கத்து மாட்டுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. வீட்டுக்காரர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து பச்சிலை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"தரகர் வந்து பாத்துட்டுப் போனாரு" என்றது அந்த அம்மாள். "வித்துட்டு வேற சோடி புடிங்கன்னாரு. அடிமாட்டுக்குத்தான் போகும்னு எங்களுக்குத் தெரியாதா? அவுக ரெண்டு நாளாச் சோறு திங்கல." மாட்டைத் தடவிக்கொடுத்துவிட்டு, "ஆமா, அந்தச் சனியன் இன்னும் ஒங் கடையில கெடக்கா?" என்றது.

மூன்று மாதமாக நான் காத்திருந்த கேள்வி. புத்தகக்காரன் இருந்திருந்தால் என் முதுகில் தட்டியிருப்பான். ஆனால் அந்தக் கிணற்றை நான் பல தடவை எட்டிப் பார்த்திருக்கிறேன்.

"கெடக்குக்கா. ஆனா ஒங்களுக்குச் சரிப்படாது. அது இருபது அடிக்கு மேல தண்ணியை உறிஞ்சாது. ஒங்க கிணத்துல கோடைக்கு நாப்பது அடிக்குப் போயிருது. உள்ள பாறைய வெட்டி மேடை கட்டி இறக்கணும். மழைக்குத் தண்ணி ஏறுனா மேல தூக்கணும். எண்ணெய் குடிக்கும், சத்தம் போடும். வேண்டாம்க்கா."

"வேணுமா வேண்டாமான்னு ஒன்னையக் கேட்டனா? எங்கன வைக்கணும்னுதான கேக்கப்போறேன். அது எறச்சா என் மாடு ரெண்டும் நெழல்ல நின்னு திங்கும். எனக்கு வேற என்ன வேணும்?" குரலைத் தாழ்த்திக்கொண்டது. "வெலைய அவுககிட்டப் பேசிக்க. கொஞ்சம் கூட்டியே சொல்லு. பேசிக் கொறச்சாத்தான் அவுகளுக்குச் சோறு எறங்கும்."

அப்படியே சொன்னேன். அவர் கொஞ்சம் குறைத்தார். அன்று சாப்பிட்டார்.

மேடை வெட்ட ஆறு நாள் ஆயிற்று. ஏழாம் நாள் பத்துப் பேர் வடம் பிடித்து இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கிக்கொண்டிருந்தபோது மதுரைக் கம்பெனிக்காரர் கடைக்குப் போய், வெறும் சாக்கைப் பார்த்து, விசாரித்துக்கொண்டு வாடகை மாட்டுவண்டியில் தோட்டத்துக்கே வந்து சேர்ந்தார். இன்ஜினை நான் கிணற்றில் தள்ளிவிட்டேன் என்று முதலில் நினைத்தாராம்.

நான் உள்ளே இறங்கிக் கைப்பிடியைச் சுற்றினேன். இருமிற்று. மறுபடி சுற்றினேன். மேலே அரை ஊரே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆறாவது தடவைக்கு என் கை கழன்றுவிட்டது. வாய் திறக்காத அந்த மனுஷர் இறங்கி வந்து, என்னைத் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டு, ஒரே சுற்று. கிணறு முழுக்க இடி. மேலே போய்ப் பார்த்தேன். தொட்டி நிறைந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடிற்று. வாழைக்கு முந்தி ஊர்ப் பிள்ளைகள் நனைந்தார்கள்.

பக்கத்துத் தோட்டக்காரர்கள் இரண்டு பேர் இன்ஜினைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. அந்த அம்மாளிடம் கேட்டார்கள்.

"மிசினப் பத்தி எனக்கு என்ன தெரியும்?" என்றது அந்த அம்மாள். "இவுக ஒரு அச்சு மாட்ட மூணு நாள் வந்தாக. அது கெட்டுப்போனா மட்டும் வராம இருந்திருவாகளா?"

அவ்வளவுதான். இரண்டு பேரும் தங்கள் கிணற்றை வந்து பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். ஒன்றில் தண்ணீர் போதும். அடுத்ததைத் தூர் வாரிவிட்டு வைக்கலாம் என்றேன். சரி என்றார்கள். ஒரு இன்ஜினைத் திருப்பிக் கொண்டுபோக வந்த கம்பெனிக்காரர், வரப்பில் உட்கார்ந்து முழங்காலில் தாளை வைத்து இரண்டு இன்ஜினுக்கு ஆர்டர் எழுதினார்.

"என்ன சொல்லி வித்தீங்க?" என்று திரும்பும்போது வண்டியில் கேட்டார். "வேண்டாம்னு சொன்னேன்" என்றேன். அவர் அதைத் தொழில் ரகசியம் என்று எடுத்துக்கொண்டார். உத்தமபாளையம் வரைக்கும் ஏஜென்சி எனக்கே என்றும் சொன்னார்.

ஸ்டேஷனுக்கு நேர் வழி இருந்தது. நான் வண்டிக்காரரிடம் கடைவீதி வழியாகப் போகச் சொன்னேன். எதிர்க்கடைக்காரர் உள்ளே இருந்தார். அவர் வெளியே வந்து எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்க்கும்வரை வண்டியை நிறுத்தி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன்.