தங்கையின் குரலைக் குறைத்தவள்

இருபது வருடம் கோரஸ் பாடியவள் அவள். ஒலிப்பதிவுக் கூடத்தில் நான்கு பெண்கள் ஒரே மைக்கைச் சுற்றி நிற்பார்கள். இடமிருந்து இரண்டாவது அவள். மூன்றாவது அவள் தங்கை. நாற்பத்தோராம் வயதில் அவள் கழுத்திலிருந்து ஒரு கட்டியை எடுத்தார்கள். கட்டியோடு மேல் சுரங்களும் போய்விட்டன. பேச்சு வந்தது, பாட ஆரம்பித்தால் பாதியிலேயே குரல் கம்மியது.

அந்தக் கூடத்தில் மிக்ஸிங் செய்பவன் அவளைவிடப் பத்து வயது இளையவன். அதிகம் வாய் திறக்க மாட்டான் என்பதால் அவனுக்கு 'மியூட்' என்றே பெயர். அவன்தான் கேட்டான்.

"தொண்டைதானேக்கா போச்சு? காது இருக்குல்ல?"

மறுநாளே அவன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பாடகர், கிதார், டிரம்ஸ், கோரஸ் என்று தனித்தனியே பதிவானவற்றை ஒரே பாட்டாகச் சேர்க்க வேண்டும். இதில் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தாள். கிதார் கேட்கவில்லை, அதன் ஒலியை ஏற்றினாள். பாடகரின் குரல் அமுங்கியது, அதையும் ஏற்றினாள். கொஞ்ச நேரத்தில் சத்தம் அளவு மீறி, மேசையெங்கும் சிவப்பு விளக்குகள் சிமிட்டின.

"சந்தைக்கடை மாதிரி இருக்கு தம்பி" என்று அவளே ஒப்புக்கொண்டாள்.

"எதை ஏத்தலாம்னு பாக்காதீங்கக்கா. எது வழிய அடைச்சுக்கிட்டு நிக்குதுன்னு பாருங்க."

இது காதுக்குப் பிடிபட எட்டு மாதம் ஆயிற்று. ஒரு மத்தியானம் கிதாரின் அடித்தொனியைக் கொஞ்சம் செதுக்கினாள். தொடாத டிரம்ஸ் பளிச்சென்று எழுந்து வந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தே நின்றுவிட்டாள். வீட்டிலும் காது சும்மா இருக்கவில்லை. கணவர் செய்தி பார்க்கும்போது, "இந்த ஆளு குரல்ல மூக்கு ஜாஸ்தி" என்பாள். "செய்தி என்னன்னு கேக்க விடுறியா?" என்பார் அவர்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு பாட்டை முழுதாக அவளிடமே விட்டார்கள். கோரஸில் தங்கையும் இருந்தாள். வேலை தொடங்குவதற்குள் அவளிடமிருந்து போன்.

"அக்கா, இந்தத் தடவையாவது என் குரல் வெளிய தெரியணும்."

தெரிய வைத்தாள். கேட்ட இசையமைப்பாளர், "இதுல யாரும்மா மெயின் பாடகர்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். இரண்டாம் தடவையும் திரும்பி வந்தது. மூன்றாம் தடவை, கோபத்தில் கோரஸை மொத்தமாக நிறுத்திவிட்டுக் கேட்டாள். பாட்டு வெளிறிப்போய் நின்றது. மெல்ல மெல்ல ஏற்றி, இருப்பது தெரியாத, எடுத்தால் மட்டும் தெரிகிற ஓர் இடத்தில் கையை நிறுத்தினாள். அது தங்கை கேட்ட இடம் அல்ல. தானும் இருபது வருடம் அங்கேதான் நின்றிருக்கிறோம் என்று தோன்றியது. பெருமையா வருத்தமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

தங்கையை வரவழைத்துப் போட்டுக் காட்டினாள்.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

கோரஸை நிறுத்திக் காட்டினாள். தங்கைக்கும் வித்தியாசம் புரிந்தது, முகத்திலேயே தெரிந்தது.

"சரி, ஒரு நூல் ஏத்தேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமேடி."

தங்கை பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை. மூன்றாவது மிக்ஸ் ஒரு மாற்றமும் இல்லாமல் ஏற்கப்பட்டது. 'மியூட்' கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். அவளால் முழுசாகச் சந்தோஷப்பட முடியவில்லை.

வெளியீட்டுக்கு முன் பெயர்ப்பட்டியல் வந்தது. மிக்ஸிங் என்பதற்கு நேரே அவள் பெயர். கோரஸுக்கு நேரே 'குழுவினர்' என்று மட்டும். இசையமைப்பாளருக்குப் போன் போட்டாள்.

"நாலு பேர் பேரையும் போடணும் சார்."

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையேம்மா."

"நானும்தான் கேட்டதில்லை சார்."

அவர் பெயர்களை எழுதி அனுப்பச் சொன்னார்.

பாட்டு வெளியான அன்று தங்கையிடமிருந்து போன் வந்தது. வணக்கமும் இல்லை, நல விசாரிப்பும் இல்லை.

"என் பேர்ல ஒரு எழுத்து தப்பா இருக்கு."

"மாத்தச் சொல்றேன்."

"சரியா எழுதிக்கோ" என்று ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லத் தொடங்கினாள்.

"ஏன்டி, உன் பேரு எனக்குத் தெரியாதா?"

அந்தப் பக்கம் தங்கை சிரித்துவிட்டாள்.