டேரிலின் முழங்கை

வெள்ளிக்கிழமை சாயங்கால ஆட்டங்களுக்கு லோர்னா வீலெஸ் எப்போதும் எதிரணி ஊர்க்காரர்கள் உட்காரும் பக்கம்தான் போய் உட்காருவாள். டெக்சஸின் வாவ்ரா க்ரீக்குக்கு வந்த முதல் வருடத்திலிருந்தே அப்படித்தான். புருஷன் டப் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்து அமெரிக்க ஃபுட்பால் கோச். பெண்டாட்டியோ கம்பளியும் காபி பிளாஸ்க்குமாக, முன்பின் தெரியாதவர்கள் நடுவில். ஊர் முதலில் முகம் சுளித்தது. போகப் போக, கழிப்பறை எந்தப் பக்கம் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல ஒரு ஆள் இருக்கட்டுமே என்று விட்டுவிட்டது.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. உள்ளூர்ப் பக்கத்தில் ஆயிரம் பேர் உட்கார்ந்தால் ஆயிரம் பேரும் கோச்சுகள். அவர்கள் வாயில் தன் புருஷன் படும் பாட்டை லோர்னாவால் கேட்க முடியாது. எதிர்ப்பக்கத்தில் அந்தத் தொல்லை இல்லை. சில சமயம் பக்கத்தில் இருப்பவர், "இந்த ஊர் கோச் சரியான நரிங்க. ஏமாந்துடக் கூடாது" என்று இவளிடமே எச்சரிப்பார். "அப்படியா?" என்று கேட்டுவிட்டு அவருக்கும் ஒரு கோப்பை காபி ஊற்றிக் கொடுப்பாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் ஊர் ஊராகப் பெட்டி கட்டியவள். எல்லா ஊரிலும் ஒரே சட்டம். பந்தை வாங்கி யாருக்கு எறிவது, எப்போது எறிவது என்று முடிவு செய்கிற குவார்ட்டர்பேக் பையனை நம்பித்தான் அணி. ஜெயித்தால் அந்தப் பையனின் கை. தோற்றால் கோச்சின் மண்டை. முதல் ஊரில் அவளுக்கு இது தெரியாது. ஒரு சனிக்கிழமை காலையில் கதவைத் திறந்தால் வாசல் புல்லில் 'வீடு விற்பனைக்கு' என்று ஒரு பலகை நட்டிருந்தது. வீட்டுக்காரர் தங்களைக் காலி செய்யச் சொல்கிறார் என்று நினைத்து, அழுதுகொண்டே அவருக்குப் போன் போட்டாள்.

"நான் ஒண்ணும் விக்கலம்மா. நேத்து உங்க வீட்டுக்காரர் டீம் தோத்துச்சா?"

"ஆமா."

"ரொம்பவா?"

"நாப்பதுக்கு சைபர்."

"அப்ப அது ஊர் வச்ச பலகை. மூட்டை கட்டுங்கன்னு மரியாதையா சொல்றாங்க."

அதற்குப் பிறகு பலகையைப் பார்த்து அவள் அழுததில்லை. ஆனால் ஒரு சந்தேகம் மட்டும் உள்ளே தங்கிவிட்டது. இடையில் இருந்த ஓர் ஊரில் டப் தொடர்ந்து ஜெயித்தான். அங்கே இருந்த குவார்ட்டர்பேக் அப்படிப்பட்டவன். கோச் நிற்கிற இடத்தில் ஒரு தபால் பெட்டியை நிறுத்தியிருந்தாலும் ஜெயித்திருப்பான். அடுத்த ஊரில் அதே டப், அதே விசில், அதே கத்தல். ஆனால் பந்தைப் பிடிக்கவே பயப்படுகிற பையன்கள். இரண்டு வருடத்தில் துரத்திவிட்டார்கள். அப்படியானால் தன் புருஷன் உண்மையில் எதையாவது சொல்லிக் கொடுக்கிறானா, இல்லை பையன்களின் கை நீளத்தில்தான் இவர்கள் பிழைப்பு ஓடுகிறதா? இதை அவள் டப்பிடம் கேட்டதே இல்லை. கேட்கிற கேள்வியா அது?

வாவ்ரா க்ரீக்கில் மட்டும் அவளுக்கு வேர் பிடித்தது. அதற்குக் காரணம் ஜார்ஜியா ஓர்சாக். கடைத்தெரு முனையில் பேக்கரி வைத்திருந்த அந்தக் கைம்பெண்ணுக்கு லோர்னாவைவிடப் பத்து வயது கூட. செக் நாட்டிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நிறைந்த ஊர் அது. நடுவில் பழக்கூழ் வைத்த கொலாச்சி ரொட்டி இல்லாமல் அங்கே யாருக்கும் பொழுது விடியாது. லோர்னா முதலில் வேலைக்குத்தான் போனாள். மூன்றாம் வருடம் ஜார்ஜியா மாவுக் கையோடு சொன்னாள்:

"பாதிக் கடைய நீ எடுத்துக்கடி. எனக்கு முட்டி போயிருச்சு. ஆனா ஒண்ணு, நடுவுல ஓடிரக் கூடாது."

"ஓடுறதும் இருக்குறதும் என் கையிலயா இருக்கு? ரெக்ஸ் கிரெனெக் கையிலல்ல இருக்கு."

அது உண்மை. ரெக்ஸுக்கு அப்படி ஒரு வலது கை. மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து எறிந்தால் பந்து அந்தக் கோடி விளக்குக் கம்பம் வரை போகும். அவன் அப்பா ஆல்வின் கிரெனெக் ஊரின் சாசேஜ் கடைக்காரர், பள்ளிக்கூட நிர்வாகக் குழுவிலும் இருந்தார். அந்தக் கையைத் தானே செய்து பொருத்தியது போலத்தான் பேசுவார். ஆனால் ரெக்ஸ் யார் பேச்சையும் கேட்கமாட்டான். பந்து கைக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு தூரமாக வீசுவான். அது பாதி நேரம் எதிரணிக்காரன் மடியில் போய் விழும். பள்ளியின் கடைசி வருடத்தில் முதல் நான்கு ஆட்டமும் தோல்வி. டப் வீட்டு வாசலில் பலகைகள் முளைத்தன. நல்ல மரப்பலகை, வீணாக்குவானேன் என்று லோர்னா அவற்றைப் பிடுங்கிப் பின்புறம் வெள்ளையடித்து, 'இன்று ஆப்ரிகாட் கொலாச்சி' என்று எழுதி பேக்கரி வாசலில் வைத்தாள். ஊர் சிரித்தது, அடுத்த பலகையை இன்னும் நல்ல மரத்தில் செய்தது.

ஐந்தாவது ஆட்டத்தில் டப் ரெக்ஸை உட்கார வைத்துவிட்டு டேரில் பெனிஷை இறக்கினான். டேரில் ஒல்லிக்குச்சி. அவன் எறிகிற பந்து ஈரத்துணி மாதிரி தொய்ந்து போகும். ஆனால் டப் சொன்னதை அவன் கால்கள் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தன. பின்னால் மூன்று எட்டு, ஒரு நிதானம், இடது பக்கம் ஒரு பார்வை, பிறகு ஆள் இல்லாமல் நிற்கிறவனுக்குப் பக்கத்து எறி. பார்க்க ஒரு சுவாரசியமும் இருக்காது. ஆனால் வரிசையாக ஜெயித்தார்கள். ஒரே ஒரு ஆட்டம் மிச்சம். அதை ஜெயித்தால் அடுத்த சுற்றுக்குப் போகலாம். டப்புக்கு வேலை நிலைக்கும் என்று லோர்னா நம்ப ஆரம்பித்தாள்.

அந்த வாரம் புதன்கிழமை ஆல்வின் கிரெனெக் பேக்கரிக்கு வந்தார். ஒரு டஜன் கட்டச் சொல்லிவிட்டு மேசைமேல் முழங்கையை ஊன்றினார்.

"மிசஸ் வீலெஸ், என் வீட்டுல தங்கப் பாளம் ஒண்ணு கெடக்கு. உங்க வீட்டுக்காரர் அத வச்சு கதவுக்கு முட்டுக் குடுக்குறாரு."

"அந்த முட்டுலதான் கதவு திறந்திருக்குன்னு வச்சுக்குங்களேன்."

"பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. யுனிவர்சிட்டி டீமுக்கு ஆள் எடுக்கிறவன் வர்றான், என் பையனப் பாக்க. வெள்ளிக்கிழமை ரெக்ஸ் இறங்கலன்னா, திங்கக்கிழமை குழு கூடும்போது ஜெயிச்சிருந்தாலும் சரி, தோத்திருந்தாலும் சரி, புது கோச்சு வேணும்னு நான் சொல்வேன். என் பின்னாடி மூணு கை தூக்கும்."

அவர் போனதும் ஜார்ஜியா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னடி சொல்றான் சாசேஜு?"

"பாதிக் கடைய வேற யாருக்காவது பாத்து வைங்கன்னு சொல்றாரு."

இதை அப்படியே டப்பிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். மிரட்டினார்கள் என்பதற்காகவே டேரிலை இறக்குவான், திங்கட்கிழமை தலை நிமிர்ந்து வேலையை இழப்பான், அவள் மறுபடி பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றவேண்டும். அன்று இரவுச் சாப்பாட்டில் உருளைக்கிழங்கைப் பரிமாறிக்கொண்டே சொன்னாள்:

"டேரில் கைக்கு என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. கடைக்கு வந்தான். முழங்கையப் பிடிச்சுக்கிட்டு நின்னான். பையத் தூக்கும்போது முகம் சுண்டிப் போச்சு."

அந்தப் பையன் கடைப் பக்கமே வரவில்லை.

டப்பின் முள்கரண்டி நின்றது. "அவன் ஒண்ணுமே சொல்லலியே."

"எந்தப் பையன் சொல்லுவான், டப்?"

அந்த ஒரு கேள்வி போதும். விரல் முறிந்தாலும் மறைத்துக்கொண்டு ஆடுகிற பையன்களைத்தான் டப் இருபது வருடமாகப் பார்த்திருக்கிறான். அந்த ஊர்களில் வலிக்கிறது என்று சொல்கிறவனை நம்புவார்கள். வலிக்கவில்லை என்கிறவனைத்தான் நம்பமாட்டார்கள். மறுநாள் மைதானத்திலிருந்து வந்தவன் தொப்பியைக் கழற்றக்கூட இல்லை.

"கேட்டேன். நல்லாத்தான் இருக்கு கோச்னான். கைய நீட்டி மடக்கிக் காட்டுனான். அப்புறம் ஏண்டா கண்ணு கலங்குதுன்னு கேட்டேன். இல்ல கோச், சத்தியமா வலிக்கல, நான் ஆடுறேன், நான் ஆடுறேன்னு அழுகுறான். பாவம், ரொம்ப வலி போலிருக்கு."

"அப்ப?"

"ரெக்ஸ்தான். வேற வழி? ஒரு ஆட்டத்துக்காக அந்தப் பையன் கைய நான் கெடுக்க மாட்டேன்."

அவன் நல்லவன் என்பது அந்த நேரத்தில் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் வழக்கம்போல எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். நேர் எதிரே, மைதானத்தின் அந்தப் பக்கம், முழங்கையில் ஐஸ் கட்டு சுற்றிக்கொண்டு டேரில் நின்றான். முகம் மட்டும் தொங்கவில்லை. ரெக்ஸ் வெளியே வரும்போதெல்லாம் அவன் தோளில் கை போட்டு காதில் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தான். ரெக்ஸும், உட்கார்ந்திருந்த வாரங்களில் பார்த்துப் பார்த்துச் சலித்துப் போயோ என்னவோ, காது கொடுத்தான்.

கடைசி நிமிடம். வாவ்ரா க்ரீக் ஐந்து புள்ளி பின்னால். பந்து ரெக்ஸ் கைக்கு வந்தது. பழைய ரெக்ஸாக இருந்தால் அது விளக்குக் கம்பத்துக்குப் போயிருக்கும். லோர்னாவின் பக்கத்தில் இருந்தவர், "வீசப் போறான், பாருங்க, மடையன் வீசப் போறான்" என்று சந்தோஷமாக எழுந்தே விட்டார். ரெக்ஸ் வீசவில்லை. பின்னால் மூன்று எட்டு. ஒரு நிதானம். இடது பக்கம் ஒரு பார்வை. அதே நொடியில் கோட்டுக்கு வெளியே டேரிலின் கால்களும் அதே மூன்று எட்டை வைத்தன. ரெக்ஸ் எறிந்தது பத்தடி எறிதான், ஆனால் துப்பாக்கிக் குண்டு மாதிரி. பிடித்தவன் கடைசிக் கோட்டைத் தாண்டி விழுந்தான், ஆறு புள்ளி, ஆட்டம் வாவ்ரா க்ரீக்குக்கு. அந்தப் பத்தடியில் டேரிலின் பந்து தொய்ந்திருக்கும், எதிரணிக்காரன் தட்டியும் விட்டிருப்பான். அப்படித்தான் ஆகியிருக்குமா என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது.

உள்ளூர்ப் பக்கம் கூரை பிய்ந்தது. "கை! அந்தக் கையப் பாருங்கடா!" என்ற ஆல்வினின் குரல் மைதானத்தைத் தாண்டிக் கேட்டது. எல்லோரும் கையைத்தான் பார்த்தார்கள். காலைப் பார்த்தவள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்த டப்புக்கு ஜெயித்த களையே இல்லை. "இத்தனை வருசம் கத்துனதெல்லாம் சும்மாதான் போல, லோர்னா. கடைசியில கை இருக்குறவன்தான் ஜெயிக்கிறான்."

"நான் அவன் காலப் பாத்தேன், டப்."

"பாத்தியா?"

"மூணு எட்டு. நீ சொல்லிக் குடுத்தது. முதல்ல டேரிலுக்கு, அவன்கிட்டருந்து இவனுக்கு."

டப் தொப்பியைக் கழற்றி வைத்தான். பிறகு இரண்டாவது தட்டு சாப்பிட்டான். புருஷன் தொழில் பொய்யில்லை என்று அவள் நம்ப ஆரம்பித்தது அன்றுதான். அதை நிரூபித்துக் காட்டிய பையனின் ஆட்டத்தைத் திருடியதும் அவள்தான்.

அடுத்த சுற்றில் தோற்றுப்போனார்கள். அது வேறு கதை. டேரிலை அதிலும் இறக்கவில்லை, ஐஸ் கட்டு பிரிக்கப்படவேயில்லை. டப்புக்கு வேலை நிலைத்தது, லோர்னாவுக்குப் பாதிக் கடை வந்தது. ரெக்ஸ் யுனிவர்சிட்டிக்குப் போய், ஒரு வருடம் தாங்காமல், வந்து சாசேஜ் கடையில் உட்கார்ந்தான். கோச்சுகள் சரியில்லை என்றார் ஆல்வின். டேரில் குளிர்சாதனம் பழுது பார்க்கிற வேலையில் சேர்ந்து, கல்யாணம் கட்டி, இரண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பாவானான். பேக்கரியின் குளிர்பெட்டி அவன் பொறுப்பு.

சனிக்கிழமைகளில் பேக்கரியின் பின்மேசையில் டாமினோ ஆடுகிற ஆண்கள் அந்த ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடுவார்கள். கோச்சா, திறமையா? பதினைந்து வருடமானாலும் வழக்கு முடியவில்லை. டேரில் குளிர்பெட்டிக்குள் தலையை விட்டபடியே குரல் கொடுப்பான்:

"எனக்கு ரெண்டும் இருந்துச்சுங்க. திறமை இருந்துச்சு, கோச்சும் இருந்தாரு. முழங்கைதான் இல்ல."

மேசை சிரிக்கும். "மழை வருமாடா டேரில்?" என்று ஒருவர் கேட்பார். அவன் கையை மடக்கிப் பார்த்து, "சாயங்காலம் வரும். காலையிலருந்தே குத்துது" என்பான். பாதி நாள் வரவும் செய்தது.

முதல் தடவை அதைக் கேட்ட அன்று லோர்னா தட்டோடு உள்ளே போய் ஜார்ஜியாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"சொல்லிரட்டுமா அவன்கிட்ட?"

ஜார்ஜியா மாவைத் தட்டி, மடித்து, ஓரமாக வைத்தாள். "சொல்லு. உனக்குப் பாரம் இறங்கும். ஆனா வலி இல்லன்னு ஆயிட்டா, அவன்கிட்ட அப்புறம் என்னடி இருக்கும்? ரெக்ஸ விட நல்லா ஆடியிருப்பேன்னு நம்பிக்கிட்டிருக்கான். பொண்ணுங்ககிட்டயும் அதத்தான் சொல்லி வச்சிருக்கான்."

"அவன் ஆடியிருந்தா ஜெயிச்சிருப்பானா?"

"உன் வீட்டுக்காரரக் கேளு. இல்ல, கடவுளக் கேளு. நான் ரொட்டி சுடுறவ."

அதற்குப் பிறகு லோர்னா பல தடவை வாய் வரைக்கும் கொண்டுவந்தாள். "டேரில், அந்த வாரம்..." என்று ஆரம்பிப்பாள். "விடுங்க மிஸ் லோர்னா, என் வலிய முதல்ல பாத்ததே நீங்கதானாம், கோச் சொல்லியிருக்காரு. என் கை இன்னிக்கு ஸ்பேனர் பிடிக்குதுன்னா உங்களாலதான்" என்பான் அவன். அவள் ரெண்டு கொலாச்சியை அதிகமாகக் கட்டுவாள். அவன் பிரித்துப் பார்த்து, கூடுதல் ரெண்டுக்கும் காசை வைத்துவிட்டுப் போவான்.

டப் போய்ச் சேர்ந்த பிறகும் அவள் ஊரை விட்டுப் போகவில்லை. போன மாசியில், எழுபத்தெட்டு வயதில், நெஞ்சுவலியில் போனாள். ஜார்ஜியா தொண்ணூறை நெருங்கிக்கொண்டு, சர்ச்சின் முன்வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்தாள். சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் டேரிலும் ரெக்ஸும் முன்னால். தூக்குவதற்கு முன் டேரில் ஒரு நிமிடம் நின்று ரெக்ஸிடம் மெதுவாகச் சொன்னான்:

"நீ இந்தப் பக்கம் வாடா. என்னால வலது கைல பாரம் தூக்க முடியாது."

ரெக்ஸ் சுற்றி வந்து பக்கம் மாறிக்கொண்டான்.