வழியனுப்ப வந்த நாய்

பலேர்மோ துறைமுகம், பின்னேரம். நாப்போலிக்குப் போற என்ரை கப்பலுக்கு இன்னும் நேரம் கிடக்கு. கரையிலை நிண்டு பாணைக் கடிச்சபடி மற்றக் கப்பல்களைப் பார்க்கிறன். உல்லாசக் கப்பல் ஒண்டு வெளிக்கிடுது. மேல்மாடியிலை நீச்சல் தடாகமாம். நடுக்கடலுக்குப் போய்த் தொட்டியிலை குளிக்கிற சனம்.

பக்கத்திலை எங்கடை ஆள் ஒருத்தர், மன்னார்க்காரர், வெள்ளை நாய்க்குட்டி ஒண்டைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்.

"ஆரை அனுப்ப வந்தனீங்கள் அண்ணை?"

"நான் வேலை செய்யிற வீட்டுச் சிஞ்ஞோராவை. பத்து நாள் சுத்தப் போறா. நாய் நிண்டு வழியனுப்ப வேணுமாம்."

"அப்ப உங்களுக்கும் பத்து நாள் லீவு."

"நல்ல கதை. வாற கிழமை ஊரிலை மகளுக்குக் கலியாணம். லீவு கேட்டன், தரேல்லை. நான் குடுத்தால்தான் நாய் சாப்பிடுமாம்."

"மகள் என்ன சொல்லுறா?"

"ஃபோனிலை பார்க்கட்டாம். நாயையும் மடியிலை வைச்சிருக்கட்டாம்."

கப்பல் ஊதுது. மேல்தட்டிலை ஒரு மனுசி துவாயை ஆட்டுறா. அண்ணை நாயின்ரை முன்னங்காலைப் பிடிச்சு ஆட்டுறார்.

நாய் கப்பலைப் பார்க்கேல்லை. என்ரை பாணைப் பார்க்குது. ஒரு துண்டு பிச்சு நீட்டுறன். விழுங்கிப்போட்டு என்ரை விரலையும் நக்குது.

அண்ணை நாயைப் பார்க்கிறார். பிறகு கப்பலைப் பார்க்கிறார். அது துறைமுகத்தைத் தாண்டிப் போட்டுது.